ஒன்றும் மாறாத வேலை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்தில் ஒரு பெரிய முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் இது ஆரம்பித்தது. இடம் இலுப்பூர். கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் என்று எல்லாவற்றுக்கும் பந்தல், சேர், சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் ஒரு கடையில் அப்போது நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் ஏற்றி இறக்கும் வேலை இல்லை. அந்தக் கடையின் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சாஃப்ட்வேரை நான்தான் எழுதியிருந்தேன்.

இதைச் சொன்னால் ஆட்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன். புதுக்கோட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் உதவியாளாகச் சேர்ந்தேன். அவர்கள் டைப்ரைட்டர்களை ஓரங்கட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டபோது நானும் அதற்கு மாறிக்கொண்டேன். எனக்குக் கம்ப்யூட்டர் பிடித்துப்போனதற்குக் காரணம், அதோடு வாய்விட்டுப் பேசவேண்டியதில்லை. சின்ன வயதிலிருந்தே நான் நாலு பேர் முன்னால் பேசாதவன். பந்தியில் இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, வெறும் சோற்றை விழுங்கிவிட்டு எழுந்துவிடுவேன்.

இலுப்பூர் கடைக்குப் பில் அடிக்கத்தான் போனேன். முதலாளி என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், கைராசிக்காரர். திருவரங்குளத்தில் ஒரு கிளை திறந்தார். அந்த ஊர் ஆர்டரும் இந்த ஊர் ஆர்டரும் ஒரே நாளில் மோதிக்கொள்ள ஆரம்பித்தன. எந்தத் தேதியில் எத்தனை அண்டா வெளியே போகிறது, எத்தனை கையில் இருக்கிறது என்று இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் தெரியவேண்டும் என்றார். நான் யூடியூப் பார்த்து, புத்தகம் வாங்கி, தப்பும் தவறுமாக ஒரு வெப்சைட் மாதிரி எழுதிக் கொடுத்தேன். ஓடியது. முதலாளி என்னைப் பில் மேஜையிலிருந்து எடுத்து, மாடியில் ஒரு சின்ன அறையும் ஒரு மின்விசிறியும் கொடுத்தார். அந்த மின்விசிறி கொடுத்த கௌரவத்தை என்னால் இப்போதும் சரியாகச் சொல்ல முடியாது.

அந்தக் கடையில் எனக்கு இருந்த ஒரே நண்பர், குடோனைப் பார்த்துக்கொண்ட ஒரு முஸ்லிம். எல்லோரும் அவரைக் குடோன் பாய் என்போம். என் வயதுதான் இருக்கும். சொந்த ஊர் கடற்கரைப் பக்கம். துபாயில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். அவர் பொறுப்பில் இருந்த குடோனுக்குள் முதலாளியைத் தவிர வேறு யாரும் கால் வைக்க முடியாது. வாசலில் ஒரு மேஜையைக் குறுக்கே போட்டு வைத்திருப்பார். கவுன்ட்டரில் இருப்பவர்கள் இந்தப் பக்கம் நின்று என்ன வேண்டும் என்று சொல்வார்கள். அவர் உள்ளே போய் எடுத்துவந்து மேஜைமேல் வைப்பார். எங்கிருந்து எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது.

அந்த ஆவணிக்குச் சில வாரம் முன்புதான் முதலாளி கொடும்பாளூர்ப் பக்கம் மெயின் ரோட்டில் இரண்டாவது குடோன் எடுத்திருந்தார். பெரிய பாத்திரங்கள் பாதி அங்கே போய்விட்டன. அதற்காக நான் சாஃப்ட்வேரில் மாற்றம் செய்யவேண்டி வந்தது. இதைக் கொஞ்சம் விளக்கினால்தான் பின்னால் நடந்தது புரியும். திரையில் ஒருவர் ஒரு பட்டனை அமுக்கினால், அதை வாங்கிக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும் பகுதிக்குக் கன்ட்ரோலர் என்று பெயர். ஆர்டர் எடுக்க ஒன்று, பாத்திரம் திரும்பி வந்ததைப் பதிய ஒன்று, பில்லுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். தகவல்களை அடுக்கி வைத்திருக்கும் இடம் டேட்டாபேஸ். நான் எழுதிய விதத்தில், ஒவ்வொரு கன்ட்ரோலரும் நேராக டேட்டாபேஸுக்குள் போய் அதுஅது எடுத்துக்கொண்டது, அதுஅது வைத்தது. அதனால் உள்ளே ஒரு அடுக்கை மாற்றினால், அந்த அடுக்கைத் தொடுகிற எல்லா இடத்தையும் தேடித் தேடி மாற்றவேண்டும். பாத்திரம் திரும்பி வருகிற பக்கத்தில் ஒரு மூலை எனக்குத் தப்பிவிட்டது.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள், பெரிய அண்டாக்கள் கையில் இருப்பதாகத் திரை சொன்னது. கவுன்ட்டரில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஒப்புக்கொண்டு, வண்டியும் வந்து நின்றுவிட்டது. பாய் மேஜைக்குப் பின்னாலிருந்து நகரவே இல்லை.

"உங்க கம்ப்யூட்டர்ல இருக்கலாம். எங்கிட்ட இல்ல" என்றார்.

அப்புறம் ஓடிப்போய், கீரனூரில் இன்னொரு கடையில் சொல்லிக் கெஞ்சி, அண்டா வாங்கி அனுப்பினார்கள். பெண்வீட்டாருக்கு விஷயமே தெரியாமல் கல்யாணம் முடிந்தது. பாய் மட்டும் அன்றைக்கு மேஜைக்குப் பின்னால் இல்லாமல் போயிருந்தால், மறுநாள் காலையில் ஒரு மண்டபத்தில் சமையல்காரர் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு பாத்திரத்துக்குக் காத்திருந்திருப்பார். முதலாளி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப உறைத்தது.

அன்று மத்தியானம் பாயோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த மேஜையை நான் ஒழுங்காகப் பார்த்தேன். குடோன் இரண்டாகப் பிரிந்தபோது கவுன்ட்டரில் இருந்த யாரும் எதையும் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. எப்போதும்போல மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று "பெரிய அண்டா வேணும் பாய்" என்றார்கள். அது எந்த ஊர் குடோனில் இருக்கிறது, எந்த அடுக்கில் இருக்கிறது என்பது பாயின் கவலை. என் சாஃப்ட்வேரில் அப்படி ஒரு மேஜையும் இல்லை, ஒரு பாயும் இல்லை. கண்டவனெல்லாம் குடோனுக்குள் போய்வந்துகொண்டிருந்தான். வீடியோக்களில் சின்னப் பையன்கள் இங்கிலீஷில் வேகவேகமாக, கன்ட்ரோலருக்கு டேட்டாபேஸ் தெரியக்கூடாது, இரண்டையும் பிரித்து வை என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஏன் என்று புரிந்ததில்லை. அன்றைக்குத் தயிர்சாதத்தில் கை வைத்தபடியே புரிந்தது.

வரப்போகும் மார்கழியில் விசேஷம் இருக்காது, கடை காற்று வாங்கும். அந்த மாதம் முழுக்க இந்த வேலைக்கு வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன். கேட்பதற்கே இரண்டு நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

"பண்ணு. ஆனா பண்ணி முடிச்சா ஸ்கிரீன்ல என்ன மாறும்?" என்று கேட்டார்.

"ஸ்கிரீன்ல ஒன்னும் மாறாதுங்க."

"வேகமா ஓடுமா?"

"அப்படியேதாங்க ஓடும்."

அவர் கவுன்ட்டர் பக்கம் திரும்பி எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தார். "ஒன்னும் மாறாததுக்கு ஒரு மாசம் கேக்குறாரு பாருங்க நம்ம ஆளு."

நியாயமாகப் பார்த்தால் அங்கே நான் விளக்கியிருக்கவேண்டும். இரண்டு குடோன் வைத்திருக்கிற மனிதருக்கு மேஜைக்கதை சொன்னால் புரியாமலா போகும்? ஆனால் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். ஆமாங்க என்று நானும் சிரித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். மாசத்தைக் கொடுத்துவிட்டார், அது போதும் என்று நினைத்தேன்.

அந்த மார்கழி முழுக்க எனக்கு ஒரே பெயர்தான். பில் போடும் பெண் தினமும் காலையில் டீ கொடுக்க மாடிக்கு வரும்போது, "அண்ணே, இன்னிக்கு என்ன மாறல?" என்று கேட்கும். வண்டி ஓட்டுகிறவர்கள்கூட அதைப் பிடித்துக்கொண்டார்கள். கோபப்படுகிற மாதிரி யாரும் கேட்கவில்லை, விளையாட்டாகத்தான். நானும் சிரித்துக்கொள்வேன். உள்ளுக்குள் எனக்கு என்னவோ கொண்டாட்டமாகத்தான் இருந்தது. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையை இப்படித்தான் செய்யவேண்டும் என்று தெரிந்து செய்துகொண்டிருந்தேன்.

ஒவ்வொரு கன்ட்ரோலராக எடுத்து, டேட்டாபேஸைத் தொடுகிற வரிகளைப் பிடுங்கினேன். அவற்றையெல்லாம் நடுவில் ஒரே இடத்தில் சேர்த்தேன். அந்த நடு இடத்துக்கு நான் புரோகிராமில் வைத்த பெயர் 'பாய்'. ஆர்டர் எடுக்கும் பக்கம் இனிமேல் 'இந்தத் தேதிக்கு எத்தனை அண்டா இருக்கு' என்று பாயைக் கேட்கும். பாய் போய்ப் பார்த்துச் சொல்லும். எந்தப் பக்கத்துக்கும் டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். நாளைக்கு டேட்டாபேஸையே தூக்கிவிட்டு வேறொன்று வைத்தாலும், அதற்கேற்ற புது பாயை மட்டும் உட்காரவைத்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் மேலே அது என்ன செய்கிறது என்று தமிழிலேயே குறிப்பு எழுதி வைத்தேன். எனக்குப் பிறகு யார் வந்தாலும் தடுமாறக்கூடாது என்று நினைத்தேன். எனக்குப் பிறகு என்றால், எனக்கு அறுபது வயது ஆன பிறகு என்று அர்த்தம்.

பாயிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். புரோகிராமுக்குள் அவர் பெயர் இருக்கிறது என்றதும் முதலில் சந்தோஷப்பட்டார். எப்படி வேலை செய்கிறது என்று முழுதாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் முகம் மாறிவிட்டது.

"மாப்ளே, ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காத. எந்தக் கரண்டி எங்க கெடக்குன்னு நான் ஒரு பயலுக்கும் சொன்னதில்ல. எனக்கு ஒரு நாள் காய்ச்சல்னா மொதலாளிக்கு நாலு நாள் காய்ச்சல் வரும். நீ என்னடான்னா எல்லாத்துக்கும் பேரு எழுதி ஒட்டிக்கிட்டு இருக்க."

"அதுதான் முறை பாய்" என்றேன்.

"முறையெல்லாம் சரி. புது பாயை ஒக்கார வச்சாப் போதும்னு நீயே சொல்றியே, பழைய பாய் எங்கிட்டுப் போவான்?"

நான் சிரித்தேன். அது புரோகிராமில் வருகிற பாய், உங்களை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று அவருக்கே சமாதானம் சொன்னேன். அவர் தன்னைப் பற்றிச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

தை பிறந்து, விசேஷங்கள் வந்து குவிந்தன. சாஃப்ட்வேர் ஒரு இடத்தில்கூடச் சறுக்கவில்லை. யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை. சறுக்கினால்தானே கவனிப்பார்கள்.

பங்குனிக்குப் பிறகு முதலாளியின் மாப்பிள்ளை வந்தார். இன்ஜினியரிங் படித்து, பெங்களூரில் கம்பெனியில் இருந்தவர். மாமனாருக்கு வயதாகிறது, தொழிலைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று குடும்பத்தோடு ஊருக்கு வந்துவிட்டார். நல்ல பிள்ளை. இதை நான் வஞ்சகமில்லாமல் சொல்கிறேன். முதல் நாளே மாடிக்கு வந்து, எனக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, "அண்ணே, நீங்க பண்ணியிருக்கறதைக் காட்டுங்க" என்று கேட்டார். நான் காட்டினேன். எனக்குத் தெரிந்த பாஷையில் தயங்கித் தயங்கி விளக்கினேன். அவர் குறுக்கே பேசாமல் பார்த்துக்கொண்டே வந்தவர், நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இதை இப்படிப் பிரிச்சு வைக்கணும்னு ஒங்களுக்கு யாருண்ணே சொன்னா?"

"நம்ம குடோன் பாய்தாங்க தம்பி" என்றேன்.

நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க மாடியில்தான் இருந்தார். ஒரு படித்த ஆள் என் வேலையைப் பார்த்து, தலையாட்டி, இது ஏன் இப்படி என்று மதித்துக் கேட்டது அந்த வாரத்தில்தான். வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் அதைச் சொன்னபோது, "இன்னிக்கு ரொம்பப் பேசறீங்களே" என்று அவள் கேலி செய்தாள்.

அதுவரை டேட்டாபேஸ் கடையின் மாடியில், என் மேஜைக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டரில்தான் இருந்தது. கரன்ட் போனால் திருவரங்குளத்துக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவேண்டும். அதை மாற்றி, வெளியே வாடகைக்குக் கிடைக்கிற பெரிய கம்ப்யூட்டரில், வேறு வகை டேட்டாபேஸில் வைக்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். எனக்கும் அது சரி என்று பட்டது. ஆடி மாதம் வைத்துக்கொண்டோம். முதலாளிக்கு மட்டும் பயம். ஆவணியில் நடந்தது அவருக்கு மறக்கவில்லை. மூன்று நாளைக்குப் புது ஆர்டர் எடுக்கவேண்டாம் என்று இரண்டு ஊரிலும் சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாடு முடிந்து மாப்பிள்ளை உட்கார்ந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். புது டேட்டாபேஸோடு பேசத் தெரிந்த ஒரு புது 'பாய்' எழுதினார். பழைய பாயை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் அதை உட்காரவைத்தார். பழைய தகவலையெல்லாம் அங்கே அனுப்பினார். ஆர்டர் பக்கம், பில் பக்கம், திரும்பி வருகிற பக்கம் எதையும் தொடவில்லை. தொடவேண்டிய தேவையும் இல்லை. சாயங்கால டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. கீழே பில் போடும் பெண் ஒரு ஆர்டரைப் போட்டுப் பார்த்தது. போனது. திருவரங்குளத்திலிருந்து போட்டார்கள். போனது. அந்த நேரத்தில் நான் பட்ட சந்தோஷத்தை மறைக்கமாட்டேன். ஒரு மாதம் கண்ணுக்குத் தெரியாமல் செய்த வேலைக்கு, அன்றைக்கு ஒரு மத்தியானத்தில் பதில் கிடைத்தது. மார்கழியில் நான் அதைச் செய்யாமல் இருந்திருந்தால், ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து மாற்றி, ஆவணி முகூர்த்தமும் தாண்டிப் போயிருக்கும்.

முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லட்டும் மிக்சரும் வாங்கிவரச் சொல்லி, எல்லோரையும் கீழே கூப்பிட்டார். நானும் போய்க் கதவோரம் நின்றேன்.

"மூணு நாளு ஆகும்னு நெனச்சேன். மாப்பிள்ளை ஒரு மத்தியானத்துல முடிச்சுட்டாரு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அப்புறம் அவர் கண் என்மேல் விழுந்தது. கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். சந்தோஷத்தில் வாயில் வந்ததைச் சொன்னார். "நீயும் மார்கழி பூரா மாடியில ஒக்காந்திருந்தியேப்பா. ஒன்னும் மாறல. இங்க பாரு, ஒரு மத்தியானம்."

சிரிப்பு எழுந்தது. பில் போடும் பெண்கூடச் சிரித்தது. நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அந்தக் கூடத்தில் இருந்தவர்களில், அந்த ஒரு மத்தியானம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர் நான் தவிர அவர் ஒருவர்தான். அவர் கையில் ஒரு லட்டு இருந்தது. என்னைப் பார்த்தார். அப்புறம் லட்டைப் பார்த்தார். அப்புறம் யாரோ அவர் தோளைத் தட்ட, அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

ஆடி முடிவதற்குள் முதலாளி என்னை அவர் அறைக்குக் கூப்பிட்டார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளவில்லை. உட்காரச் சொன்னார். டேட்டாபேஸும் வெளியே போய்விட்டது, மேற்கொண்டு என்ன செய்வதானாலும் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார், நீ எழுதி வைத்ததைப் படித்தாலே யாருக்கும் புரிகிறதாமே என்று தொடங்கினார். அதைப் பாராட்டாகவே சொன்னார். கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இனிமே இங்க ஒனக்கு என்ன வேலைன்னு நீயே சொல்லு தம்பி."

பேசத் தெரிந்தவனுக்கு அது ஒரு வாய்ப்பு. நான் அந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அவர் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்வது? அந்த ஒரு மத்தியானம் என்னுடைய ஒரு மாதம் என்று சொல்லவா? மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு பெருமைப்படுகிற மனிதரிடம் அதைச் சொன்னால் பொறாமை என்று எடுத்துக்கொள்ளமாட்டாரா? இப்படி ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டிருந்தபோதே நேரம் போய்விட்டது. என்னிடம் பதில் இல்லை என்று அவர் முடிவு செய்துகொண்டார். திருவரங்குளம் கிளையில் பில் போட ஆள் தேவைப்படுகிறது, போகிறாயா என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

அன்றைக்கு நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கும்போது மாப்பிள்ளை மாடிப்படியில் எதிரே வந்தார். ஒதுங்கி நிற்காமல் வழியில் நின்றார்.

"அண்ணே, நீங்க அப்படி எழுதி வச்சிருந்ததாலதான் அது ஒரு மத்தியானத்துல முடிஞ்சது. எனக்குத் தெரியும்ணே."

என் வாழ்நாளில் நான் யாரையும் எதிர்த்துக் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். "அன்னைக்கே அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி?"

"சொல்லத்தாண்ணே வாயெடுத்தேன். அதுக்குள்ள லட்டு வந்துருச்சு." இதைச் சொல்லிவிட்டு அவருக்கே கூச்சமாகிவிட்டது. "மாமாவுக்குப் புரியற மாதிரி எப்படிச் சொல்றதுன்னும் தெரியல."

நான் சரிங்க தம்பி என்று சொல்லி இறங்கிவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் ஒன்று தோன்றியது. எனக்கு எதைச் சொல்ல வாய் வரவில்லையோ, அதே விஷயத்தைச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. எனக்கு வராததால் என் வேலை போயிற்று. அவருக்கு வராததால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வித்தியாசத்தை நினைத்து, நான் இறங்கவேண்டிய அடப்பன்வயல் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

திருவரங்குளத்துக்கு நான் போகவில்லை. நான் எழுதிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து, நான் வைத்த பட்டனை அமுக்கிக்கொண்டு நாள் தள்ள எனக்கு மனம் வரவில்லை. இதை வீம்பு என்று என் மனைவி சொன்னாள். "பேச வேண்டிய எடத்துல பேசாம இருந்துட்டு, போக வேண்டிய எடத்துக்குப் போகாம இருந்தா எப்படி?" என்று கேட்டாள். மகள் காலேஜில் சேர்ந்த வருடம் அது. அவள் கேட்டதில் தப்பில்லை. இரண்டு மூன்று கம்பெனிகளுக்கு எழுதிப்போட்டேன். திருச்சியில் ஒரு இடத்தில் கூப்பிட்டார்கள். வயதையும் படிப்பையும் கேட்ட பிறகு, நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

இப்போது எழுதப்போவதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அடுத்து வந்த ஆவணியில், முகூர்த்த நாட்களில், நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். குளிக்கப் போகும்போதுகூட ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போவேன். ஏதாவது ஒரு இடத்தில் அந்த சாஃப்ட்வேர் நின்றுவிடும், ஒரு பக்கம் திறக்காது, ஒரு கணக்கு உதைக்கும், மாப்பிள்ளை திணறுவார், முதலாளி போன் பண்ணுவார். "தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போப்பா" என்று அவர் சொல்வது வரைக்கும் நினைத்து வைத்திருந்தேன். நான் உடனே கிளம்பாமல் கொஞ்சம் தயங்குவதாகவும் நினைத்து வைத்திருந்தேன்.

போன் அடிக்கவில்லை. கடைசி முகூர்த்தமும் முடிந்து இரண்டு நாள் கழித்து, குடோன் பாய்தான் பேசினார். மகளுக்கு நிக்காஹ் வைத்திருக்கிறார், வரவேண்டும் என்று அழைத்தார். அதற்கு லீவு போட்டதிலிருந்து முதலாளி மணிக்கொரு தரம் போன் போட்டு, ஜமக்காளம் எங்கே, குத்துவிளக்கு எங்கே என்று கேட்டு உயிரை வாங்குகிறாராம். சிரித்துக்கொண்டே சொன்னார். நான் கேட்கவேண்டாம் என்று நினைத்தும் கேட்டுவிட்டேன், சாஃப்ட்வேர் எப்படி ஓடுகிறது என்று.

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்தாரோ என்னவோ.

"ஒரு தடவைகூட நிக்கல மாப்ளே" என்றார்.

நல்லது பாய் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? நிக்காஹ்வுக்குப் போனேன், பிரியாணி சாப்பிட்டேன். அந்த மண்டபத்து சேர்களின் முதுகில் எங்கள் கடையின் பச்சை பெயின்ட் அடையாளம் இருந்தது. ஒன்றுகூடக் குறையாமல், நேரத்துக்கு வந்திருந்தன.

இப்போது புதுக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். போன வருடம் இலுப்பூர்ப் பக்கம் ஒரு உரக்கடைக்காரர் தேடி வந்து, இருப்புப் பார்க்க ஒரு சின்ன சாஃப்ட்வேர் எழுதித் தரச் சொன்னார். முதல் பக்கத்தை எழுத உட்கார்ந்தபோது கை நின்றது. எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பின்னி, எனக்கு மட்டுமே புரிகிற மாதிரி எழுதலாம். எதை மாற்றுவதென்றாலும் அவர் என்னிடம்தான் வரவேண்டியிருக்கும். லீவில் இருந்த குடோன் பாய்க்கு முதலாளியிடமிருந்து மணிக்கொரு தரம் அடித்த அந்தப் போன் மாதிரி எனக்கும் அடிக்கும். அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் குறுக்கே ஒரு மேஜையைப் போட்டு, ஒரு பாயை உட்காரவைத்துத்தான் எழுத ஆரம்பித்தேன். நல்ல மனசு என்று யாரும் நினைத்துக்கொள்ளவேண்டாம். புரிந்த பிறகு வேறு விதமாக எழுதக் கை வரவில்லை.

இப்போதும் முகூர்த்த நாளில் போன் அடித்தால் ஒரு நொடி அந்தக் கடையாக இருக்குமோ என்று எடுக்கிறேன். அடிக்காமல் போகிற ஒவ்வொரு முகூர்த்தமும் என் வேலைக்குக் கிடைத்த நற்சான்று என்று மனசுக்குச் சொல்லிப் பார்க்கிறேன், மனசு இன்னும் அதை வாங்கிக்கொள்ளவில்லை.